ரன்: ஓடுவது எது, ஓட்டுவது யார்?

1998-ல் நான் நிரப்பிய ஒரு விண்ணப்பத்தின் ஜெராக்ஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. பொறியியல் முதலாமாண்டு. கல்விக் கட்டணத்துக்கு உதவி கேட்டு ஓர் அறக்கட்டளைக்கு அனுப்பியது. 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன்: "ரன்னிங் பவர்லூம்ஸ்".

அப்பா சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டினார். இன்னொருத்தர் செட்டில், கூலிக்கு, ஷிஃப்ட்டுக்கு நாலு தறி. ஓடு என்றால் ரன் என்று மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஓட்டு என்றாலும் ரன்தானா என்று ஒரு சந்தேகம் இருந்தது. கையடக்க ஆங்கில-தமிழ் அகராதியைப் புரட்டினேன். ரன் என்ற சொல்லுக்கு எதிரே 'ஓடு, ஓட்டு, நடத்து, இயக்கு' என்று வரிசையாகப் போட்டிருந்தது. சந்தேகம் தீர்ந்தது. எழுதிவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து பதில் வந்தது. சொந்தத் தொழில் நடத்துகிறவர்களின் பிள்ளைகளுக்கு இந்த உதவி கிடையாது என்று. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "ஏல, நாம எப்ப தறி போட்டோம்?" என்று கேட்டார். கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அந்த வருஷக் கட்டணத்தை வட்டிக்கு வாங்கிக் கட்டினோம்.

படிவத்தை வாசித்தவர் மேல் தப்பு சொல்ல முடியாது. ஆங்கிலத்தை ஆங்கிலமாக வாசித்திருக்கிறார். ஒருவர் 'விசைத்தறிகளை ரன் செய்கிறார்' என்றால், தறிகள் அவருடையவை என்று எடுத்துக்கொள்ள எல்லா இடமும் இருக்கிறது. என் அகராதி எனக்குச் சொல்லாமல் விட்டது அதைத்தான். ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்த இந்தக் குறிப்பு அந்தக் குறையைப் பற்றியது.

645 என்ற எண்

இப்போது எழுத உட்காரவைத்தது ஒரு வாட்ஸ்அப் செய்தி. 'ஆங்கிலத்தில் ரன் என்ற ஒரே வினைச்சொல்லுக்கு 645 பொருள்! எந்த மொழியில் உண்டு இது?' என்று.

எண் பொய்யில்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு இருந்தது. வினைச்சொல்லாக மட்டும் சுமார் 430 பொருள். மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தும் வேலையில் 'ரன்' அதை முந்தியது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது மாதம் உழைத்தார். வினைச்சொல்லாக 645 பொருள் தேறியது. 2011-ல் இது செய்தியாகவும் வந்தது.

அந்த வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கட்சி கிளம்பியது. ஆங்கிலம் எவ்வளவு வளமானது என்று ஒரு கட்சி. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிற மொழி, தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டும் ஒரே தவறாகத்தான் தெரிகிறது. ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்பது, ஆசிரியர் எந்த இடத்தில் கோடு கிழிக்கிறார் என்பதைப் பொறுத்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதும் குழாயில் தண்ணீர் ஓடுவதும் ஒரு பொருளா, இரண்டா? ஆக்ஸ்ஃபோர்டு ரொம்ப நுணுக்கமாகக் கிழிக்கிற அகராதி. அதே நுணுக்கத்தோடு நம் 'ஓடு', 'விடு', 'போடு', 'அடி' எல்லாவற்றையும் கிழித்தால் எண்ணிக்கை எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எண்ணிக்கையை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்கலாம். ஆங்கிலம் ரன் என்று சொல்லும் இடங்களில் எங்கள் ஊர்க்காரர் என்ன சொல்கிறார்?

ஊரில் கேட்டவை

கீழே இருப்பவை எல்லாம் ஆங்கிலத்தில் ரன் வருகிற இடங்கள். தமிழ் வாக்கியங்கள் வீட்டிலும் பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் சாதாரணமாகக் காதில் விழுபவை.

- பையன் தெருவில்: ஓடுதான்.
- தியேட்டரில் படம்: நல்லா ஓடுது.
- சளி பிடித்த பிள்ளைக்கு மூக்கு: ஒழுகுது.
- உடம்பில் காய்ச்சல்: அடிக்குது.
- ராஜபாளையத்துக்கு ரோடு: போகுது.
- துவைத்த சேலையில் சாயம்: போகுது.
- ஆடித்தபசுக்கு ஸ்பெஷல் பஸ்: விட்டிருக்காங்க.
- குடும்பத்தில் சர்க்கரை வியாதி: வழிவழியா வருது.
- அடுப்பில் கேஸ்: தீர்ந்துபோச்சு.
- பேப்பரில் அந்தச் செய்தி: போட்டிருக்கான்.
- மளிகைக் கடை: எங்க மாமா வச்சிருக்கார்.
- தேர்தலில் வேட்பாளர்: நிக்கார்.

கடைசியை மட்டும் கொஞ்சம் பாருங்கள். தேர்தலில் அமெரிக்கர் ஓடுகிறார்; அதே தேர்தலில் பிரிட்டிஷ்காரரும் நாமும் நிற்கிறோம். ஓடுவதும் நிற்பதும் நேர் எதிரான செயல்கள். ஆனாலும் தேர்தல் என்ற சொல் பக்கத்தில் வந்ததும் இரண்டும் ஒரே வேலையைச் செய்துவிடுகின்றன. பொருளில் பாதியை அந்தப் பக்கத்துச் சொல்தான் சுமக்கிறது. மூக்கு, ரோடு, பஸ், கடை, தேர்தல் என்று பக்கத்துச் சொல் மாறும்போது தமிழ் வினையை மாற்றிக்கொள்கிறது. ஆங்கிலம் வினையை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்துச் சொல்லைப் பார்த்துப் புரிந்துகொள் என்று கேட்பவரிடம் விட்டுவிடுகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1950-களில் சொல்லின் கூட்டாளிகளை வைத்தே சொல்லை அறிய வேண்டும் என்று வாதிட்டார். அவருக்கு வெகுகாலம் முன்னாலேயே தொல்காப்பியம், சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில், பல பொருள் தரும் ஒரு சொல்லை எப்படித் தெளிவது என்று பேசுகிறது. அதனோடு வரும் வினையால், இனத்தால், சார்பால் தெளியலாம் என்கிறது. 'மா' என்றால் மரமா, விலங்கா? மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. தொல்காப்பியர் பெயருக்குச் சொன்னதை நாம் வினைக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டால் போதும்: எது ஓடுகிறது என்று தெரிந்தால்தான் ஓடுவது என்ன என்று தெரியும்.

திரும்பி வரும் வழி

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் 'ஓடு', 'ஓட்டு' போகிற இடமெல்லாம் ரன் போகாது.

'எங்கப்பா ஆட்டோ ஓட்டுறார்' என்பதை ரன் போட்டுச் சொன்னால், ஆட்டோவைச் சொந்தமாக வைத்துப் பராமரிக்கிறார் என்ற பக்கம் சாய்ந்துவிடும். அங்கே டிரைவ் என்றுதான் வர வேண்டும். 'டிவி ஓடிக்கிட்டு இருக்கு' என்பதற்கு ஆங்கிலத்தில் ஆன் என்று சொன்னாலே போதும். 'பயலுவ என்னைப் போட்டு ஓட்டுதானுவ' என்றால் கிண்டல் செய்கிறார்கள் என்று அர்த்தம். ரன் அந்தப் பக்கமே வராது. பரீட்சை ஹாலில் 'ஒண்ணும் ஓடல' என்பதும் அப்படித்தான். 'ஏதோ காலத்தை ஓட்டுதோம்' என்பதில் இருக்கிற களைப்பு ரன்னில் இல்லை.

ஆக இவை ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்துகிற இரண்டு சொற்கள் இல்லை. நடுவில் கொஞ்சம் இடம் பொது. மீதி அவரவர் வீடு. 'ரன்: ஓடு' என்று மூன்றாம் வகுப்பில் போட்ட சமக்குறி அந்த நடு இடத்துக்கு மட்டும் பொருந்தும்.

ஆங்கிலம் தொலைத்த ஒன்று

இலக்கணப் புத்தகத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். ஓடு/ஓட்டு, ஆடு/ஆட்டு, இயங்கு/இயக்கு. தானாக நடந்தால் ஒன்று, ஒருத்தர் நடத்தினால் இன்னொன்று. தமிழ் இதை வினையின் உடம்பிலேயே காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் தறியும் ரன், தறிக்காரரும் ரன்.

ஆங்கிலமும் எப்போதும் இப்படி இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. 'ரின்னன்' (எழுத்து இடம் மாறி 'இர்னன்' என்றும் வரும்) தானாக ஓடுவதற்கு. 'ஆர்னன்' என்பது ஓடச் செய்வதற்கு, குதிரையை ஓட்டிச் செல்வதற்கு. காலப்போக்கில் இரண்டும் ஒலியில் நெருங்கி ஒரே 'ரன்' ஆகிவிட்டன. அதன் உறவு மொழியான ஜெர்மனில் 'ரின்னன்', 'ரென்னன்' என்று இரண்டு வினைகள் இன்றைக்கும் தனித்தனியாக இருக்கின்றன. முதலாவது வழிந்தோடுவது, இரண்டாவது ஆள் ஓடுவது. 645-ல் ஒரு பங்கு இந்தக் கலப்பினால் வந்தது. இரண்டு வீட்டுச் சொத்து ஒரே பெயரில் பதிவாகிவிட்டது என்று சொல்லலாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் எங்கள் ஆபீஸில் நடப்பது. நிரலைத் தொடங்க ரன் என்று சொல்வது பழைய வழக்கம். 1964-ல் டார்ட்மவுத் கல்லூரியில் பிறந்த பேசிக் மொழியிலேயே ரன் ஒரு கட்டளை. பள்ளிக்கூடத்தில் அந்த மூன்று எழுத்தைத் தட்டி என்டர் அடித்துத்தான் நானும் இந்தத் தொழிலுக்கு வந்தேன். இன்று என் டீமில் யாரும் வெறுமனே 'ரன்' என்பதில்லை. 'ரன் ஆகுது', 'ரன் பண்ணு' என்பார்கள். தானாக நடந்தால் ஆகு; ஒருத்தர் நடத்தினால் பண்ணு. ஆங்கிலம் தொலைத்த தன்வினை, பிறவினை வித்தியாசத்தை நாம் ஆங்கிலச் சொல்லுக்கே திருப்பி ஒட்டிக் கொடுத்திருக்கிறோம். 'தமிங்கிலம்' என்று திட்டுகிறவர்கள் இதையும் ஒரு நிமிஷம் கவனிக்கலாம். சொல்தான் கடன், அதை ஆட்டிவைப்பது தமிழ் இலக்கணம்.

தறிக்கு நாலு வினை

இனி தறிக்கு வருகிறேன். சங்கரன்கோவிலில் கைத்தறியும் உண்டு, விசைத்தறியும் உண்டு. கைத்தறிக்காரர் நெய்கிறார்: "சேலை நெய்தாரு". விசைத்தறிக்காரர் ஓட்டுகிறார்: "தறி ஓட்டுதாரு". அதிலும் துணி வருகிறது, இதிலும் துணி வருகிறது. ஆனால் மோட்டார் வந்ததும் வினை மாறிவிட்டது. நெய்யும்போது வினைக்குப் பக்கத்தில் சேலை இருந்தது. ஓட்டும்போது அந்த இடத்துக்குத் தறி வந்துவிட்டது. மனிதன் செய்கிற பொருளை விட்டு, மனிதன் பார்த்துக்கொள்கிற இயந்திரத்துக்கு வினை நகர்ந்திருக்கிறது. எந்தக் குழுவும் உட்கார்ந்து தீர்மானித்தது இல்லை இது.

தறிக்குச் சொந்தக்காரரைப் பற்றிப் பேசும்போது ஊர் வேறு இரண்டு வினைகளை எடுக்கும். புதிதாக வாங்கி நிறுவினால் "தறி போட்டிருக்கார்". ஏற்கெனவே இருந்தால் "தறி வச்சிருக்கார்". தன் தறியைத் தானே ஓட்டுகிறவரும் உண்டு. அவரை "சொந்தத் தறி ஓட்டுதார்" என்று 'சொந்த' சேர்த்துச் சொல்வார்கள். சும்மா "தறி ஓட்டுதார்" என்றால் கூலிக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

நெய்தல், ஓட்டுதல், போடுதல், வைத்திருத்தல். நாலு வினை. யார் கையால் செய்கிறார், யார் இயந்திரத்தோடு நிற்கிறார், யார் முதல் போட்டார், யார் சொந்தக்காரர் என்பதெல்லாம் இவற்றுக்குள்ளேயே இருக்கிறது. "நாம எப்ப தறி போட்டோம்?" என்று அப்பா கேட்டது இந்தக் கணக்கில்தான். அவர் மொழியில் ஓட்டுகிறவனும் போட்டவனும் ஒரு ஆள் ஆகவே முடியாது. ரன் அந்த இரண்டு பேரையும் ஒரே கட்டத்தில் உட்காரவைத்துவிட்டது.

காற்புள்ளியின் குற்றம்

இப்போது அகராதிக்கு. என் கையடக்க அகராதியில் இருந்த நாலு சொல்லும் சரிதான். ஓடு, ஓட்டு, நடத்து, இயக்கு என்று நாலுமே ரன்னுக்குப் பொருந்தும். தப்பு, அவற்றுக்கு நடுவில் இருந்த காற்புள்ளியில் இருக்கிறது. எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று அந்தக் காற்புள்ளி சொல்கிறது. படிக்கிற பிள்ளை ஒன்றை எடுக்கிறான், மாட்டிக்கொள்கிறான். நம் ஊர் கையடக்க அகராதிகள் பெரும்பாலும் இந்தக் காற்புள்ளி வரிசையிலேயே நின்றுவிடுகின்றன. விலை குறைய வேண்டும், பக்கம் குறைய வேண்டும் என்ற கட்டாயம் அவற்றுக்கு உண்டு. ஆனால் அந்த மலிவு விலையின் மிச்சத்தைப் படிவம் நிரப்புகிறவன் பிறகு கட்டுகிறான்.

வேறு மாதிரி செய்ய முடியும் என்பதற்கு இரண்டு சாட்சி. ஒன்று, 1987-ல் வந்த கோபில்டு ஆங்கில அகராதி. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில், பெரிய உரைத் தொகுப்பைக் கணினியில் வைத்துப் பார்த்து உருவாக்கினார்கள். விளக்கமே முழு வாக்கியமாக வரும். யார், எதை, எப்படி என்பது அந்த வாக்கியத்துக்குள்ளேயே அடங்கிவிடும். இரண்டாவது நம்முடையது: 1992-ல் வெளிவந்து, 2008-லும் 2020-லும் விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. இன்றைய தமிழில் சொல் எப்படிப் புழங்குகிறது என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு காட்டுகிற அகராதி. ஆங்கிலத்திலும் பொருள் தரும். ஆனால் அது தமிழ்ச் சொல்லிலிருந்து தொடங்குகிறது. ஆங்கிலச் சொல்லிலிருந்து தொடங்கி, நம் பிள்ளைகள் கையில் இருக்கக்கூடிய விலையில், இதே கவனத்தோடு ஒன்று வேண்டும்.

அது பெரிய நூலாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. ரன் பதிவு இப்படி இருந்தால் எனக்குப் போதுமாக இருந்திருக்கும்:

- ஆள், விலங்கு: ஓடு.
- இயந்திரம், படம்: ஓடு. ஒருவர் செய்தால் ஓட்டு.
- கடை, ஆலை, தொழில்: நடத்து, வைத்திரு. (சொந்தக்காரர் அல்லது பொறுப்பாளர். கூலிக்கு வேலை செய்பவருக்கு ரன் போடாதே, ஒர்க் போடு.)
- ஆட்டோ, கார் முதலியவற்றை ஓட்டுதல்: ரன் அல்ல, டிரைவ்.
- பஸ், ரயில் சேவை: விடு.
- தேர்தல்: நில்.

ஆறு வரி. மூன்றாவது வரியில் அடைப்புக்குறிக்குள் இருப்பது எங்கள் வீட்டுக்கு ஒரு வருஷக் கட்டணம்.

'இயக்கு' என்ற நம் ரன்

அகராதியை மட்டும் குறை சொல்லி முடிக்க முடியாது. என் சொந்தத் துறையிலும் இதே நோய் வேறு உருவத்தில் இருக்கிறது. தமிழ் இடைமுகங்களில் ரன் பெரும்பாலும் 'இயக்கு' ஆகிறது. நல்ல சொல், பழைய சொல். ஆனால் செய்தித்தாளில் பஸ்ஸும் 'இயக்கப்படுகிறது', மின்மோட்டாரும் இயக்கப்படுகிறது, படத்தையும் ஒருவர் இயக்குகிறார், கம்பெனியில் இயக்குநர் உட்கார்ந்திருக்கிறார், கணினியில் நிரலும் இயக்கப்படுகிறது. பேச்சுத்தமிழ் விடு, போடு, எடு, ஓட்டு, வைத்திரு என்று பிரித்துப் பிரித்து வைத்திருந்ததை, எழுத்துத்தமிழ் ஒரே பைக்குள் போட்டுக் கட்டிவிட்டது. ஆங்கிலத்தின் ரன்னை மொழிபெயர்க்கப் போய், நாமே ஒரு ரன் செய்துகொண்டோம்.

ஆங்கிலச் சொல் அகலமாக இருந்தால் தமிழ்ச் சொல்லும் அதே அகலத்தில் இருக்க வேண்டும் என்று கலைச்சொல் செய்கிறவர்கள் நினைக்கிறார்கள் போல. அவசியமே இல்லை. பெரிய திட்டங்களில் மொழிபெயர்ப்பவருக்கு 'ரன்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் ஒரு கட்டத்தில் போய்ச் சேரும். எந்தத் திரையில், எந்தப் பொத்தானில் என்பது போகாது. பக்கத்துச் சொல்லை மறைத்துவிட்டு வினையை மட்டும் கேட்டால், பொதுவாகக் கிடைப்பது 'இயக்கு'தான். அந்தக் கட்டத்தை அனுப்புகிற வேலையை நானும் செய்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்: சரிசெய்ய வேண்டிய இடம் மொழிபெயர்ப்பாளரின் மேஜை இல்லை, எங்கள் மேஜை.

மறுபடி ஒரு படிவம்

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது தம்பி முறையாகிற ஒருவரின் மகள் கல்லூரி உதவித்தொகைப் படிவத்தோடு வந்தாள். அவள் அப்பாவும் விசைத்தறிதான், கூலிக்கு. எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு ஒரு இடத்தில் நின்றாள்.

"பெரியப்பா, அப்பா தறி ஓட்டுதாங்கன்னு இதுல எப்படி எழுத?"

"பவர்லூம் ஒர்க்கர்னு எழுதும்மா. பக்கத்துல 'டெய்லி வேஜஸ்'னும் சேர்த்துக்கோ."

எழுதினாள். எழுதியதை ஒருதரம் வாசித்துப் பார்த்தாள். "இதுல ஓட்டுறது வரவே இல்லையே" என்றாள்.

வரவில்லைதான். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறது, நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன் என்று அந்த 1998 படிவத்தின் கதையைச் சொன்னேன். பேனாவை மூடிவிட்டுக் கேட்டாள். கட்டத்தில் எழுதியதை மாற்றவில்லை.